கேபிள் மாமா

ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிகளில் மாதக்கணக்கில் உறை போர்த்தி நிறுத்தப்பட்ட கார் ஒன்றின் சாவியைத் திருப்பும்போது எழும் 'டக் டக்' என்னும் வறண்ட ஓசை, எதிர்த் திண்ணையில் நாளிதழுடன் அமர்ந்திருக்கும் கேபிள் மாமாவை எவ்வித அழைப்புமின்றி வீதிக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடும். வெளிநாட்டுப் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன கார்கள் மிகுந்த ஊர் இது என்பதாலும், சித்திரைத் தேர் வருமுன் வழியில் நிற்கும் வாகனங்களை நகர்த்தியே ஆகவேண்டும் என்பதாலும், அவருக்கு வேலையில்லாத ஆண்டு கிடையாது.

நிற்கும் காரின் பேட்டரி தீர்ந்துபோவதில் மர்மம் ஏதுமில்லை. கடிகாரம், திருட்டு அலாரம், ரிமோட் சாவிக்காகக் காத்திருக்கும் கருவி ஆகியவை சேர்ந்து 50 மில்லியாம்பியர் இழுத்தாலே நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி கழிகிறது. 35 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பேட்டரி ஒரு மாதத்தில் வற்றும், செல்ஃப் மோட்டாரைச் சுழற்றும் வலிமையை அதற்கு முன்னரே இழக்கும். மாமா இக்கணக்கை ஏற்பதில்லை. "கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்பதே அவரது ஆய்வு முடிவு.

காரின் விலை, நிறம், அதை வாங்கியவரின் அறிவு ஆகிய அனைத்தின் மீதும் அவருக்குக் கருத்து உண்டெனினும், அவரை அடையாளம் காட்டுவது ஒரே வழக்கம்தான். தீர்ந்த பேட்டரிக்கு உயிரூட்டும் ஜம்பர் கேபிள்கள் இரண்டையும் ஓடிக்கொண்டிருக்கும் தம் காரின் பேட்டரியில் முதலிலேயே மாட்டிவிட்டு, எஞ்சிய சிவப்புக் கிளிப்பையும் கறுப்புக் கிளிப்பையும் கைக்கொன்றாக ஏந்தி, ஒன்றோடொன்று உரசிப் பொறி பறக்கச் செய்து, "பாத்தேளா, கரண்ட் வரது!" என்று அறிவித்த பின்னரே அவர் மேற்கொண்டு செல்வார். கற்பூர ஆரத்திக்கு எம்புவதுபோல் கூட்டம் எம்பிப் பார்ப்பதால் ஊக்கம் பெற்று, தாமதமாக வந்தவர்களுக்காக மறுமுறையும், மாடியிலிருந்து எட்டிப் பார்க்கும் சிறுவனுக்காக மூன்றாம் முறையும் உரசுவார். ஒருமுறை உரசியதோடு நிறுத்திக்கொண்ட கேபிள் மாமா எவர் கண்ணிலும் பட்டதில்லை. ஓடும் காரின் பேட்டரியில் கரண்ட் இருக்கிறதா என்பது ஐயத்துக்குரிய பொருளே அன்று என்றும், அவ்வாறு உரசுகையில் இரு முனைகளும் தடையின்றிச் சேரும் ஷார்ட் சர்க்யூட் உண்டாகி நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்கிறது என்றும், அதனால் எழும் மின்னழுத்த ஏற்ற இறக்கம் முதலில் தாக்கக்கூடியது மாமாவின் சொந்தக் காரையே என்றும் எடுத்துரைப்பவரை, "நீங்க எந்தக் காலேஜ்?" என்று கேட்டு அடக்கிவிடுவார்.

உரசிப் பார்க்கும் இவ்வழக்கம் அம்பாசடர் காலத்து எச்சம். அக்கால அம்பாசடரில் கெடுவதற்குக் கணினி இல்லை. இன்றைய காரிலோ எவ்வளவு எரிபொருளை எக்கணத்தில் செலுத்துவது என்று முடிவு செய்யும் ஈசிஎம் என்ற கணினி உண்டு. எஞ்சின் உயிர்பெற்றதும், ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றுகிறதா என்று சோதிப்பதாகக் கூறி, மாமா பேட்டரி டெர்மினலையே கழற்றிக் காட்டுவார். ஏற்றிக்கொண்டிருந்த மின்னாற்றல் போக்கிடமின்றி ஒரு கணம் பன்மடங்கு வோல்ட்டாக எழும்போது, அதைத் தாங்க வேண்டியது ஈசிஎம். கேபிளைக் கழற்றுமுன் ஹெட்லைட்டையோ புளோயரையோ போட்டு வைத்தால் எழுச்சியின் ஒரு பகுதியை அவை உள்வாங்கும் என்றால், "இப்பதானே சார்ஜ் ஏறறது, அதையும் செலவழிக்கணுமா?" என்பார்.

சரியான முறை எளிது. இரு கார்களையும் அணைத்துவிட்டு, சிவப்பைத் தீர்ந்த பேட்டரியின் பிளஸ்ஸிலும் பின் நல்ல பேட்டரியின் பிளஸ்ஸிலும், கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸிலும் மாட்டி, அதன் கடைசி முனையைத் தீர்ந்த பேட்டரியில் மாட்டாமல், தள்ளி, பெயின்ட் படாத எஞ்சின் உலோகத்தில் பொருத்த வேண்டும். கடைசி இணைப்பில் எழும் பொறி, பேட்டரியிலிருந்து கசியும் ஹைட்ரஜனைப் பற்றவைக்காதிருக்கவே இத்தொலைவு. கழற்றுவது இதன் தலைகீழ். "போல்ட்டுல மாட்டினா பேட்டரிக்கு எப்படிப் போகும்?" என்பது மாமாவின் கேள்வி. எஞ்சினும் உடற்கூடும் மைனஸோடு பிணைக்கப்பட்டிருப்பதால் போகும். ஆனால் இவ்விடை முடியுமுன் அவர் கிளிப்பை டெர்மினலில் கடிக்க விட்டிருப்பார். 24 வோல்ட் தண்ணீர் லாரியை இதற்குப் பயன்படுத்தலாமா என்று அவர் யோசித்த நாள்களும் உண்டு.

வைகுண்ட ஏகாதசியன்று விடியுமுன், திருச்சி ஜங்ஷனுக்குச் செல்லவேண்டிய எவரது காரேனும் நின்றுபோனால், குளிரில் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு முதலில் வருபவரும் அவரே என்பதையும், அதற்காக ஒரு வாய் காபிகூட அவர் எதிர்பார்ப்பதில்லை என்பதையும் பதிவு செய்தல் நேர்மை. எனினும் கிளிப்பை மாற்றி மாட்டியதால் மெயின் ஃபியூஸும், ஆல்டர்னேட்டரின் டையோடுகளும், சில வேளைகளில் ஈசிஎம்மும் போய்விட்டால், பல்லாயிரம் ரூபாய் பில்லைக் கட்டுபவர் மாமா அல்லர். "அது முன்னாடியே போயிருக்கும்" என்று அவர் திண்ணைக்குத் திரும்பிவிடுகிறார். எதிர்வீட்டுப் பெரியவரிடம் கையை எடுங்கள் என்று சொல்ல நாவெழாத ஒரே காரணத்தால் ஒரு தெரு முழுவதும் ஆண்டுதோறும் இச்செலவைச் சுமப்பது அநியாயம்.

இதற்கு அஞ்சிய சிலர், உள்ளங்கையளவு லித்தியம் ஜம்ப் ஸ்டார்ட்டரை வாங்கி வைத்திருக்கின்றனர். கிளிப்புகள் பேட்டரியில் சரியாகப் பொருந்தினாலன்றி மின்சாரத்தை விடாத வகைகள் அவற்றில் உண்டு. மாமா அதை வாங்கிப் பார்த்து, சிவப்பையும் கறுப்பையும் மும்முறை உரசி, பொறி எழாமை கண்டு, "இதுல கரண்டே இல்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுத் தம் கேபிளை எடுத்துவரப் போனார்.