ரப்பர் பூதமும் கம்பளி யானையும்

கேள்வி: அறுபதுகளின் விண்வெளி, ராட்சத மிருகப் படங்களைப் பார்த்தால் பயம் வராமல் சிரிப்புதான் வருகிறது. அவற்றை ரசிப்பது எப்படி?
- ஒரு வாசகி, பூந்தமல்லி

பதில்: சிரிப்பதும் ரசிப்பதில் சேர்த்திதான். ஜப்பானின் தோஹோ நிறுவனம் எடுத்த காட்ஸில்லா படங்களில் நகரத்தை நசுக்குவது ரப்பர் உடைக்குள் வியர்த்த ஹருவோ நகஜிமா என்ற நடிகர். 1954-இல் வந்த முதல் உடையின் எடை சுமார் 100 கிலோ. நசுங்குவது பொம்மைக் கட்டடம் என்றாலும் நடிகர் பட்ட பாடு நிஜம். இந்தப் படங்களில் ராணுவ டாங்கிகள் வரிசையாக வந்து, சுட்டு, தவறாமல் தோற்கும். நம்மூர் டாங்கியும் அதே காலத்ததுதான்: ஆவடி டாங்கித் தொழிற்சாலையின் முதல் விஜயந்தா 1965-இல் வெளிவந்தது. நல்ல வேளை, காட்ஸில்லா அந்தப் பக்கம் வரவில்லை.

தமிழும் சளைத்ததல்ல. அ. காசிலிங்கம் இயக்கிய 'கலை அரசி' (1963) படத்தில் எம்.ஜி.ஆர்., பி. பானுமதி, வில்லனாக எம்.என். நம்பியார். வேற்றுக்கிரகவாசிகள் இங்கே வருவது பூமியைப் பிடிக்க அல்ல, பாட்டுக் கற்றுக்கொள்ள. வாத்தியாரம்மாவைக் கடத்துகிறார்கள், சம்பளப் பேச்சே கிடையாது! ககாரின் விண்வெளிக்குப் போய் இரண்டே ஆண்டில் நாயகனும் அங்கே போய்விட்டார்.

மிருகம்தான் வேண்டும் என்றால் 1952-க்குப் போக வேண்டும். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கக் கூட்டுடன் எடுத்த 'காடு' படத்தின் ஆதிகால மாமூத்துகள், உண்மையில் ரோம உடை போர்த்திய நம்மூர் யானைகள். இயக்கியவர் வில்லியம் பெர்க். சேலத்துக்காரர்கள் எடுத்த படத்தில் கம்பளி போர்த்தி நடித்த அந்த யானைகளுக்கு ஒரு விருதாவது கொடுத்திருக்கலாம்.