பல்பு வாங்கியவர்

'பல்பு வாங்குவது' என்றால் என்னவென்று தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் அதைக் காசு கொடுத்து, வரிசையில் நின்று, ரசீதோடு வாங்குகிறார்கள். டாஃபடில், டியூலிப், குரோக்கஸ், ஹயசிந்த் என்று வசந்தத்தில் பூக்கிற செடிகளின் கிழங்குக்கு இங்கே பல்பு என்றுதான் பெயர். பார்த்தால் வெங்காயம் மாதிரி இருக்கும். இலையுதிர் காலத்தில் மண்ணில் புதைத்துவிட்டால் குளிர்காலம் முழுக்க உள்ளேயே கிடந்து, மார்ச், ஏப்ரலில் பூவோடு எழுந்து வரும்.

இதை எப்போது புதைக்கிறார்கள் என்பதை வைத்துப் பார்த்தால், நான் குடியிருக்கும் லண்டன் தெருவில் இரண்டே சாதி. செப்டம்பர்க்காரர், டிசம்பர்க்காரர்.

செப்டம்பர்க்காரர் டாஃபடிலையும் குரோக்கஸையும் அந்த மாதம் முடிவதற்குள் நட்டுவிடுவார். கிழங்கின் உயரத்தைப்போல மூன்று மடங்கு ஆழத்தில் குழி, கூர்முனை மேலே, பக்கத்தில் பெயர்ப்பலகை. அவரைப் பற்றி எழுத வேறொன்றுமில்லை. ஒழுங்கானவர்களைப் பற்றி எழுதி எந்தப் பத்திரிகையும் பிழைத்ததில்லை.

நம்மவர் டிசம்பர்க்காரர். அவரைச் சோம்பேறி என்று சொன்னால் அபாண்டம். ஆகஸ்ட் கடைசியில் தோட்டக்கடையில் பல்புப் பெட்டிகளைத் திறந்து வைக்கும்போது முதல் ஆளாக நிற்பவர் அவர்தான். பந்திக்கு முந்துவார், மண்வெட்டிக்குப் பிந்துவார், அவ்வளவுதான். பையில் ஒட்டியிருக்கும் படத்தைப் பார்த்ததுமே அவர் மனத்துக்குள் தோட்டம் பூத்துவிடுகிறது. பூத்த தோட்டத்தில் போய் யார் குழி தோண்டுவார்கள்? பையைக் கொண்டுவந்து கராஜில் பெயின்ட் டப்பாக்களுக்கு மேலே ஓர் ஆணியில் மாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

செப்டம்பரில் கேட்டால், "மண்ணு இன்னும் சூடா இருக்கே" என்பார். அக்டோபரில் மழை. அக்டோபர் கடைசி ஞாயிறன்று நாடே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைக்கும். அப்புறம் வேலை முடிந்து வீடு திரும்பினால் இருட்டு. இருட்டில் கிழங்கு நடுபவன் திருடனைப் போலத் தெரிவான் என்பது அவருடைய வாதம்.

நவம்பர் வந்ததும் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். ஏனென்றால் இப்போது சாஸ்திரம் அவர் பக்கம். டியூலிப்பை நவம்பரில்தான் நட வேண்டும் என்று தோட்டக்கலை நூல்களே சொல்கின்றன. டியூலிப்பைக் கருக்கும் ஒரு பூஞ்சை நோய் உண்டு. மண் குளிர்ந்த பிறகு நட்டால் அது தொற்றும் ஆபத்து குறைவு. "அவசரப்பட்டவங்களுக்குத்தான் நோய்" என்று வேலிக்கு மேலே கழுத்தை நீட்டி எனக்கு உபதேசம் செய்தார். அந்த நோய்க்குப் பயந்து நவம்பரிலும் நடவில்லை. மாதக் கடைசியில் கடைக்காரர்கள் மிச்சத்தைப் பாதி விலைக்குத் தள்ளினார்கள். இன்னும் மூன்று பை வாங்கி வந்தார்.

கடைசியில் முகூர்த்தம் கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவே ஒரு நாள், பிற்பகல் மூன்றரைக்குக் குறிக்கப்பட்டது. நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைகிற பருவம். நம்மவர் கைபேசியின் விளக்கைப் போட்டு, அதைத் தாடைக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, மண்டியிட்டார். பையைப் பிரித்து ஒவ்வொரு கிழங்காகக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். முதலாவது பொதக்கென்று உள்ளே போனது, நீலப்பச்சைப் பூஞ்சணம். தூக்கி எறிந்தார். அடுத்தது கல் மாதிரி. பழுப்புக் காகிதம் போன்ற மேல்தோல் உதிர்ந்து, நுனியில் வெளிறிய முளை ஒன்று எட்டிப் பார்த்தது, 'என்னய்யா, இப்போதுதான் வருகிறாயா?' என்பதுபோல.

குழி போடக் குழாய் மாதிரி ஒரு கருவி வைத்திருக்கிறார். அழுத்தித் திருகி இழுத்தால் மண் உருளையாக வெளியே வர வேண்டும். மேல்மண் உறைந்திருந்ததால் கருவி நின்றது, அவர்தான் சுற்றினார். முழு எடையையும் போட்டு ஒருவழியாக இழுத்தபோது மண்ணோடு சேர்ந்து வந்தது, பச்சை முளையோடு பாதியாக வெட்டுப்பட்ட ஒரு டாஃபடில் கிழங்கு. போன ஜனவரியில் அவரே நட்டது. செப்டம்பர்க்காரர் பெயர்ப்பலகை வைப்பது எதற்கென்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

மதில்மேல் சாம்பல் அணில் ஒன்று இத்தனையையும் மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தது. ராமருக்கு மண் சுமந்த வம்சம் அல்ல அது. வட அமெரிக்காவிலிருந்து வந்து குடியேறியது. டாஃபடில் விஷம் என்பதால் அதைத் தொடாது. டியூலிப்பும் குரோக்கஸும் அதற்குப் பலகாரம். புதிதாகக் கிளறிய மண் என்றால் இன்னும் வசதி. இவர் கையைக் கழுவ உள்ளே போனதும், நட்ட வரிசையிலேயே அது தோண்டத் தொடங்கியது. அன்று நேரம் தவறாமல் வேலை பார்த்த ஒரே ஜீவன்.

இருந்தும் இவருக்குப் பூக்கிறது என்பதுதான் வயிற்றெரிச்சல். பூவின் மொட்டு கிழங்குக்குள்ளே ஏற்கெனவே தயாராக இருக்கிறது. டியூலிப் கேட்பதெல்லாம் சுமார் 12 முதல் 16 வாரக் குளிர். அது மண்ணுக்குள் கிடைத்தால் என்ன, ஹீட்டர் இல்லாத கராஜில் கிடைத்தால் என்ன? ஆணியில் தொங்கிய நாட்களிலேயே கிழங்கு தன் கணக்கை எழுத ஆரம்பித்துவிடுகிறது. இவர் போட்ட சோம்பலை அது வரவில் வைத்துக்கொண்டது.

ஒரே ஒரு வருடம் அந்த வரவும் தவறியது. பையை ஆப்பிள் கூடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். பழுக்கிற ஆப்பிள் விடும் எத்திலீன் வாயு கிழங்குக்குள் இருக்கும் மொட்டைக் கொன்றுவிடும். அந்த ஏப்ரலில் வரிசை வரிசையாக இலை மட்டும் வந்தது. தமிழ் அர்த்தத்தில் அவர் பல்பு வாங்கியது அந்த ஒரு தடவைதான்.

அதில் அவருக்குத் துணையாக ஒரு தேசமே உண்டு. 1637 பிப்ரவரியில் ஹாலந்தின் ஹார்லெம் நகரில் எகிறியிருந்த டியூலிப் விலை சரிந்தபோது, வியாபாரிகளும் இதே அர்த்தத்தில் பல்பு வாங்கினார்கள். அவர்கள் அந்தக் குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் கிடந்த கிழங்கைக் கண்ணால் பார்க்காமலே விற்றவர்கள். நம்மவர் தினமும் கண்ணால் பார்த்துக்கொண்டே மண்ணுக்குள் வைக்காமல் இருந்தவர். எது பெரிய தவறு என்று சரித்திரம்தான் சொல்ல வேண்டும்.

மே மாதத் தொடக்கம். செப்டம்பர்க்காரரின் டாஃபடில்கள் பூத்து ஓய்ந்து, இலை பழுத்துக் கிடந்தன. டிசம்பர்க்காரரின் வாசலில் அப்போதுதான் அணிலுக்குத் தப்பிய சிவப்பு டியூலிப்கள் திறந்தன. தாமதத்துக்குத் தண்டமாகத் தண்டு நாலு விரல் குட்டை. தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். நாயைப் பிடித்துக்கொண்டு வந்த பாட்டி, "இந்நேரத்துல எப்படிப் பூ?" என்று வியந்தார்.

"எல்லாம் திட்டம்தான். குட்டையா இருந்தா காத்துக்குச் சாயாது பாருங்க."

எதிர்வீட்டுச் செப்டம்பர்க்காரர் கேட்டுக்கொண்டே ஜன்னலைச் சாத்தினார்.

ஆகஸ்ட் கடைசியில் கடையில் மறுபடியும் பல்புப் பெட்டிகள் திறந்தன. முதல் ஆளாகப் போய்ப் பையோடு திரும்பினார். "இந்த வருஷம் நேரத்தோட நட்டுடுவேன்" என்று என்னிடம் சத்தியம் செய்துவிட்டுக் கராஜுக்குள் போனார். ஆணியில் ஏற்கெனவே ஒரு பை தொங்கிக்கொண்டிருந்தது. பாதி விலைக்கு வாங்கிய மூன்று பைகளில் ஒன்று. எடுத்து அழுத்திப் பார்த்தார். உள்ளே ஒன்றுமில்லை, சருகு. ஒரு குளிர்காலம்வரை பொறுக்கிற கிழங்கு இரண்டாவதற்குப் பொறுப்பதில்லை. மனைவி பார்க்காத நேரமாகக் குப்பைத்தொட்டியில் போட்டார்.

புதுப் பையை அதே ஆணியில் மாட்டினார்.