கீறல் விழாத மலை சைக்கிள்

கொங்கு நாட்டில் ஒரு பொருளை வாங்கினால் அடுத்த வேலை அதை மூடுவது. டிவி ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் உறை, ஃப்ரிட்ஜ் கைப்பிடிக்குப் பூப்போட்ட துணி, சோபாவுக்குத் துண்டு, கிரைண்டருக்குப் பழைய வேட்டி. புதுக் காரின் சீட்டில் இருந்த பாலித்தீனைக் கிழிக்காமலே ஆயுத பூஜைக்கு மேல் ஆயுத பூஜையாகக் கொண்டாடியவர்கள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு. ஒரம்பரை வந்தால் சோபாத் துண்டை எடுப்பார்கள். அதுவும் சம்பந்தி வகையறாவாக இருந்தால்தான். சித்தப்பா, பெரியப்பாவெல்லாம் துண்டு மேலேதான் உட்கார வேண்டும்.

இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவன் மலை சைக்கிள் வாங்கினால் என்ன செய்வான்? கல்லிலும் முள்ளிலும் சேற்றிலும் போவதற்கென்றே செய்த வண்டியை, கல்லும் முள்ளும் சேறும் படாமல் பார்த்துக்கொள்வான். நானும் அந்தத் தொண்டைத்தான் செய்துவருகிறேன்.

மலை சைக்கிளைப் பெற்றவர்களுக்கு இந்த வெசனமெல்லாம் இருந்திருக்காது. சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுண்டியில், 1976 அக்டோபரில், சில இளவட்டங்கள் பழைய சைக்கிள்களை மலை மேலே கொண்டுபோய் மண்பாதையில் இறக்கிவிட்டுப் பந்தயம் வைத்தார்கள். 1930, 40களில் வந்த ஷ்வின் மாதிரியான வண்டிகள். நம்மூரில் என்றால் எப்போதோ எடைக்குப் போட்டு ஈயப் பாத்திரம் வாங்கியிருப்போம். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பிரேக். இறங்கி முடிப்பதற்குள் ஹப் கொதித்து, உள்ளே இருந்த கிரீஸ் புகையாகப் போய்விடும். அடுத்த ஓட்டத்துக்கு முன்னால் புதிதாக அடைக்க வேண்டும்; பந்தயத்துக்கே அதனால் ரீபேக் என்று பேர் வைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த ஜோ பிரீஸ் மறு வருஷம், 1977ல், மலைக்கென்றே ஒரு பிரேம் செய்தார். இன்னொருவரான கேரி ஃபிஷர் அதைத் தொழிலாகவே ஆக்கினார். கிரீஸே எரிந்து புகைகிற இடத்தில், பெயின்ட் போச்சே என்று யார் உட்கார்ந்து அழுவார்கள்?

என் அப்பா அழுவார்.

அவருடைய வண்டி ஹெர்குலிஸ். 1949ல் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் செய்தது. நடு பாருக்குப் பிரஸ் பட்டன் வைத்த ரெக்சின் கவர். சீட்டுக்கு ஜாலர் வைத்த வெல்வெட் உறை. இரண்டு ஹப்பையும் சுற்றி வண்ணக் குஞ்சம். சக்கரம் சுற்றச் சுற்ற அது ஹப்பைத் துடைத்துக்கொண்டே வரும். துணியும் வேண்டாம், ஆளும் வேண்டாம். இதைவிட நல்ல ஏற்பாட்டை இன்றுவரை எந்த வெளிநாட்டுக் கம்பெனியும் செய்யவில்லை என்பது என் கட்சி. பின் மட்கார்டின் நுனியில் தரையைத் தொடுகிற அளவுக்கு ஒரு ரப்பர் தொங்கும், அதில் எம்.ஜி.ஆர். சேறெல்லாம் அவர் முதுகில்தான் அடிக்கும். முகம் பளிச்சென்று இருக்கும்.

நான் மலை சைக்கிளை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அப்பா அதை ஒரு சுற்று சுற்றிவந்தார்.

“மட்கார்டு எங்கடா?”

“இதுக்குக் கிடையாதுப்பா.”

“ஸ்டேண்டு?”

“அதும் கிடையாது.”

“செயின் கவரு, கேரியரு, பெல்லு?”

நான் பேசவில்லை.

“ஏங்கண்ணு, வேல முடியாத வண்டிய முழுக் காசு குடுத்தா வாங்கியாந்த?”

அவர் கேட்டதில் தப்பில்லை. ஸ்டேண்டு இல்லாத வண்டி எங்கே நிற்கும்? சுவரில் சாயும். சுவரில் சாய்ந்த வண்டியை யாராவது உரசிக்கொண்டு போவார்கள், அது சரிந்து பக்கத்தில் இருக்கும் ஸ்கூட்டரின் ஃபுட்ரெஸ்ட் மேல் விழும். என் வண்டிக்கு முதல் கீறல் மேற்குத் தொடர்ச்சி மலையில் விழவில்லை. வடவள்ளியில் எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில்தான் விழுந்தது.

வெளியாள் யாரும் வரவில்லை என்றால் வண்டி தன்னைத்தானே கீறிக்கொள்ளும். ஹேண்டில்பாரிலிருந்து வருகிற பிரேக் கேபிளும் கியர் கேபிளும், திருப்பும்போதெல்லாம் பிரேமின் தலைக்குழாயில் உரசும். ஒரு நாளில் ஒன்றும் தெரியாது. கேபிளில் நுண்ணிய மண் ஒட்டிக்கொண்டால் உரசுவது கேபிள் இல்லை, உப்புத்தாள். பள்ளத்தில் இறங்கினால் செயின் எகிறிப் பின்சக்கரத்துப் பக்கம் இருக்கிற குழாயை அடிக்கும். ‘டக் டக்’ என்று கேட்டால் பெயின்ட் சில்லு சில்லாகப் போகிறது என்று அர்த்தம். ஷூவின் குதி, பெடல் தண்டை ஒவ்வொரு மிதிக்கும் தடவிக்கொடுத்து வெள்ளையாக்கிவிடும்.

செயினுக்கு வைத்தியம் எளிது. அதற்கென்றே ரப்பர் உறைகள் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். நான் விலையை விசாரித்தபோது எங்கள் தெரு சைக்கிள் கடைக்காரர் சிரித்தார். “அதுக்கு எதுக்குங்ணா தெண்டச் செலவு?” என்று மூலையிலிருந்து பஞ்சரான பழைய டியூப் ஒன்றை உருவினார். நீளவாக்கில் கத்தரித்து, வாராக இழுத்து, குழாயைச் சுற்றிச் சுற்றி, இரண்டு முனையிலும் கேபிள் டை போட்டு இறுக்கினார். டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வாழைத்தார் கட்டிக்கொண்டு போகிறார்களே, அதே டியூப் வார்தான். மலை சைக்கிள் ஓட்டுகிறவர்கள் உலகம் பூராவும் இதைத்தான் செய்கிறார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. எங்கள் கடைக்காரருக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் காசு வாங்கியிருப்பார்.

மற்ற இடங்களுக்கு ஹெலிகாப்டர் டேப். பேரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். ஹெலிகாப்டர் இறக்கையின் விளிம்பை மணல் அரித்துத் தின்றுவிடாமல் இருக்க ஒட்டுகிற பாலியூரித்தேன் படலம் அது. அங்கிருந்து கார் பானட்டுக்கு வந்து, சைக்கிளுக்கும் இறங்கிவிட்டது. எங்களுக்குப் பக்கத்தில் சூலூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. சாரங் குழுவின் ஹெலிகாப்டர்கள் மயில் வண்ணம் பூசிக்கொண்டு சில நாள் வானத்தில் வித்தை காட்டும். ஊரே அண்ணாந்து பார்த்துக் கை தட்டும்போது எனக்கு ஒரே கேள்விதான்: அந்த இறக்கைக்குப் பிலிம் ஒட்டியிருந்தால், குமிழி விழாமல் ஒட்டிய புண்ணியவான் யார்?

ஏனென்றால் குமிழி விழும். காருக்குப் பிலிம் ஒட்டுகிற ஸ்டிக்கர் கடையில் மிச்சத் துண்டுகள் மலிவாகக் கிடைக்கும், வாங்கிவந்துவிடலாம். ஒட்டுவதுதான் விரதம். முதலில் பிரேமைக் கழுவி, கொரோனாக் காலத்தில் வாங்கி மிச்சமிருக்கும் சானிடைசரால் துடைத்து, எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க வேண்டும். துண்டின் மூலைகளை வட்டமாகக் கத்தரிக்க வேண்டும். கூராக விட்டால் அங்கேயிருந்துதான் உரியும். தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பு கலந்து பிரேமிலும் பிலிமிலும் தெளித்தால் பிலிம் வழுக்கிக்கொண்டு நிற்கும். நகர்த்தி இடம் பார்த்துக்கொள்ளலாம். பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ளி வெளியேற்ற வேண்டும். இதற்குக் கடையில் ஒரு பிளாஸ்டிக் தகடு தருவார்கள். எங்கள் வீட்டில் 2017ல் வந்த ஸ்மார்ட் ரேஷன் கார்டு அந்த வேலையை நன்றாகவே செய்தது. பருப்பு, பாமாயிலுக்கு அப்புறம் அந்தக் கார்டால் கிடைத்த பெரிய பலன் இதுதான். குழாய் வளைகிற இடத்தில் பிலிம் மடங்கும். அங்கே மகளின் ஹேர் டிரையரைக் காட்டினால் இளகி, இழுத்த இழுப்புக்கு வரும். மகளிடம் அனுமதி கேட்டுவிட்டுச் செய்வது உத்தமம்.

எல்லாம் முடித்து வெளிச்சத்தில் பார்த்தால் பிலிமுக்கு அடியில் ஒரே ஒரு மணல் பரு. கீறலிலிருந்து பிரேமைக் காக்கப் போட்ட படலத்துக்குள்ளே, வெளியே போக வழியில்லாமல், பிரேமை அழுத்திக்கொண்டு அது உட்கார்ந்திருக்கும். அதை எடுக்கக் குண்டூசியால் குத்தினால் என்ன ஆகும் என்று சொல்லமாட்டேன்.

இனி மண். கோவையைச் சுற்றி மண்ணில் இரண்டு சாதி. மேற்கே தடாகம், ஆனைகட்டிப் பக்கம் செம்மண். செங்கல் சூளைகள் 2021ல் மூடப்படும்வரை அதை அள்ளி அள்ளிச் சுட்டார்கள். அந்தப் பள்ளங்கள் இன்னும் கிடக்கின்றன. செம்மண் சாது. நாலு சொம்பு தண்ணீர் ஊற்றினால் வண்டியை விட்டுப் போய்விடும். பனியனில் மட்டும் ஆயுசுக்கும் தங்கும். அந்தப் பக்கம் யானைகள் அதே மண்ணை அள்ளித் தலையிலும் முதுகிலும் போட்டுக்கொள்ளும், வெயிலும் பூச்சியும் அண்டக்கூடாதென்று. யானைக்கு மண்தான் பிலிம். ஓரத்தில் உரிவதில்லை, ஹேர் டிரையரும் கேட்பதில்லை.

கிழக்கே சூலூர், பல்லடம் போனால் கரிசல். மழை பெய்த மறுநாள் அதில் சைக்கிளை விடுகிறவன் வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு சுற்றுச் சேறு ஏற்றிக்கொள்ளும். டயர் பருக்கும். அப்புறம் டயருக்கும் பிரேமுக்கும் நடுவே இருந்த விரற்கடை இடைவெளி அடைந்து சக்கரம் நின்றுவிடும். அந்தச் சேற்றுக்குள் பொடிக்கல் இருந்தால், நின்றுபோவதற்கு முன்னால் அது பிரேமை நன்றாகவே இழைத்திருக்கும். பெயின்ட் போவது மட்டுமில்லை. கார்பன் பிரேமாக இருந்தால் நாரையே அறுத்துப் பள்ளம் பறித்துவிடும். அங்கே பிலிமை இரண்டு அடுக்காக ஒட்டுவது நல்லது. இத்தனைக்கும் இந்த மண்ணைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. இதில் பருத்தி விளைந்ததால்தான் 1888ல் ஸ்டேன்ஸ் மில் வந்தது, மில்லுக்கு மேல் மில் வந்தது, ஊரில் காசு புழங்கியது, என் மாதிரி ஆளெல்லாம் மட்கார்டு இல்லாத சைக்கிளுக்குச் செலவழிக்க முடிந்தது. கரிசல் தன் பங்கைத் திருப்பிக் கேட்கிறது.

காங்கயம் பக்கம் கொரங்காடுகளுக்கு நடுவே ஓட்டினால் மண் பிரச்சினை இல்லை, வேலிப் பிரச்சினை. மாடு மேயும் காட்டைச் சுற்றி உயிர்வேலியாகக் கிளுவை நட்டிருப்பார்கள். காங்கயம் காளையே தாண்ட யோசிக்கிற வேலி. இட்டேரியில் எதிரே ஒரு டிராக்டர் வந்தால் நாம் கிளுவையோடு ஒண்ட வேண்டும். முள் பிரேமின் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை கோடு போடும். பிலிம் இருந்தால் கோடு பிலிமோடு நிற்கும். நல்ல ரகப் பிலிம் என்றால் வெயிலில் வைத்தால் மெல்லிய கோடுகள் தானே மறைந்தும் போகும். என் தோளுக்கு அந்த வசதி கிடையாது.

வீடு திரும்பியதும் கழுவும் கதை. வாட்டர் சர்வீஸில் விட்டால் இரண்டே நிமிஷத்தில் சேறு பறக்கும். பம்புக்குப் பேர்போன ஊர், கேட்கவா வேண்டும். அந்த வேகத்தில் ஹப், பாட்டம் பிராக்கெட், ஹெட்செட்டுக்குள் இருக்கும் கிரீஸைத் தள்ளிவிட்டுத் தண்ணீர் குடியேறும். ரீபேக் பந்தயக்காரர்கள் மலை இறங்கிச் சாதித்ததை நாம் காசு கொடுத்துச் சாதிக்கலாம். அதனால் வாளியும் சொம்பும்தான். எந்தத் தண்ணீர் என்பது அடுத்த சிக்கல். போர் தண்ணீரில் கழுவினால் காய்ந்ததும் உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். நல்ல தண்ணீரில் கழுவினால் முதல் மாடி அம்மா பால்கனியிலிருந்து பார்ப்பார். “ஏனுங்க, சிறுவாணித் தண்ணிலயா சைக்கிள் கழுவறீங்க?” கோவையில் இதைவிடப் பெரிய குற்றச்சாட்டு கிடையாது. நான் போர் தண்ணீரில் கழுவி, உப்புப் பூப்பதற்குள் துடைத்துவிடுகிறேன்.

துடைப்பதில்தான் அப்பாவுக்கும் எனக்கும் தீராத வழக்கு. காய்ந்த சேற்றை ஊறவைத்து, கரைத்து, அப்புறம்தான் துணி படவேண்டும். அப்பா விடியற்காலையில் எழுந்து, பனியன் வேஸ்ட் துணியைச் சுருட்டிக்கொண்டு, காய்ந்த சேற்றை அப்படியே அழுத்தித் தேய்ப்பார். மலை, முள், கரிசல் எல்லாம் சேர்ந்து செய்யாத கீறலை, திருப்பூர் பஞ்சும் அவருடைய பாசமும் சேர்ந்து வட்ட வட்டமாகப் போட்டிருக்கின்றன. வெயிலில் பார்த்தால் தெரியும். பிரேமோடு நின்றால் பரவாயில்லை. ஒரு நாள் பளபளப்புக்காகத் தேங்காயெண்ணெய் தொட்டு, டிஸ்க் பிரேக் தகட்டையும் விடாமல் துடைத்துவைத்திருந்தார். மருதமலை ரோட்டில் இறங்கும்போது பிரேக்கைப் பிடித்தேன். வண்டி கீச்சென்று கத்தியதே தவிர நிற்கவில்லை. அன்றைக்கு முருகன்தான் பிரேக்.

இவ்வளவு பாடுபட்டுப் பிரேமில் ஆழமான கீறல் இல்லாமல் காப்பாற்றி வந்த நிலையில், போன மாதம் அசோசியேஷன் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். லிஃப்டின் எவர்சில்வர் சுவரில் இடுப்பு உயரத்துக்கு நீளமாகக் கோடுகள். செக்ரட்டரி டேப் வைத்து அளந்து, அது என் ஹேண்டில்பார் உயரம் என்று சபைக்கு அறிவித்தார். அபராதம் எல்லாம் வேண்டாம், சார்தான் பிலிம் ஒட்டுவதில் கெட்டிக்காரர் ஆயிற்றே, அவர் செலவில் ஒட்டித் தந்துவிடட்டும் என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. முதல் மாடி அம்மா இரண்டு கையையும் தூக்கினார்.

மறுநாள் ஸ்டிக்கர் கடைக்குப் போனேன். பழகிய பையன், மிச்சத் துண்டுக் கூடையை எடுத்து முன்னால் வைத்தான்.

“கூடை போதாது தம்பி, ரோலாவே வேணும்.”

“புது வண்டி எடுத்துட்டீங்களாங்ணா? என்ன மாடலுங்ணா?”

“லிஃப்டுப்பா. ஆறு பேர் போறது.”

பையன் அளவு நோட்டை எடுத்துக்கொண்டு, “ஜென்யூன் வேணுமாங்ணா, லோக்கல் போதுமாங்ணா?” என்றான்.