மேலதிகாரி ஆயா

மாநகராட்சியில் எனக்கு மேலே மருத்துவ அலுவலர் இருக்கிறார். அவருக்கு மேலே மண்டல நல அலுவலர், அவருக்கும் மேலே ரிப்பன் மாளிகையில் மாநகர நல அலுவலர். இதெல்லாம் காகிதத்தில். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று மாற்றல் வாங்கி வாங்கி நான் கண்டது வேறு. வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்து, வெற்றிலை மடித்துக்கொண்டே, வருகிறவளை மேலும் கீழும் பார்க்கிறாளே ஆயா, அவள்தான் மேலதிகாரி. வடசென்னையில் பாட்டிக்கு ஆயா என்றுதான் பெயர். இந்தப் பதவிக்குப் பரீட்சை கிடையாது, ஓய்வு வயது கிடையாது, மாற்றல் நிச்சயமாகக் கிடையாது.

நான் நகர்ப்புற சுகாதாரச் செவிலியர். ஜனங்கள் வாயில் நர்சம்மா. கர்ப்பிணிகளைப் பதிவு செய்து பிக்மி எண் வாங்கித் தருவது, பிரசவம் ஆன வீட்டுக்குப் போய்த் தாயையும் பிள்ளையையும் பார்ப்பது, எடை போடுவது, புதன்கிழமை தடுப்பூசிக்கு ஆள் சேர்ப்பது எல்லாம் என் வேலை. பிக்மி எண் இல்லாவிட்டால் பிறப்புச் சான்றிதழில் சிக்கல் என்பதால், அதற்கு மட்டும் அவர்களே என்னைத் தேடி வருவார்கள். மற்றதற்கெல்லாம் நான்தான் தேடிப் போகவேண்டும். என் ரெஜிஸ்டரில் தாய்க்குக் கட்டம் உண்டு, சேய்க்கு உண்டு, தகப்பனின் செல் நம்பருக்குக்கூட உண்டு. ஆயாவுக்கு இல்லை. அந்த ரெஜிஸ்டரைத் தயாரித்தவர் ஒரு வீட்டுக்குள்ளும் காலெடுத்து வைத்ததில்லை என்பது என் தீர்மானமான கருத்து.

உள்ளே நுழைவதற்கே நேர்காணல் உண்டே! என் கையில் அரசாங்கம் கொடுத்த கேள்விகள் இருக்கும். அவற்றைப் பிரிப்பதற்குள் ஆயா தன் கேள்விகளை ஆரம்பித்துவிடுவாள். எந்த ஊர்? விழுப்புரம் பக்கமா? எத்தினி புள்ளைங்க? ஒண்ணுதானா? ஏன்? வூட்டுக்காரரு இன்னா பண்றாரு? குடிப்பாரா? என் கேள்விகளைவிட அவை நேரானவை; பதில் வராமல் அவள் விடுவதும் இல்லை. ஒருமுறை இரும்புச்சத்து மாத்திரையின் மகிமையை மருமகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். ஆயா எழுந்து வந்து என் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, “நீயே வெளிறிப் போய்க் கீறே. இத நீ துன்றியா?” என்றாள். பன்னிரண்டு பக்கப் பயிற்சிக் கையேட்டில் இதற்கு விடை இல்லை.

காசிமேட்டில் இன்னொரு தொல்லை என் பெட்டி. தடுப்பூசி மருந்தை இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் வைக்கவேண்டும் என்பதால், நான்கு பக்கமும் ஐஸ் வைத்த நீலப் பெட்டியில்தான் எடுத்துப் போவோம். மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் ஐஸ் பெட்டியோடு ஒரு பெண் நடந்தால் என்ன கேட்பார்கள்? “இன்னா மீனு? கிலோ எவ்ளோ?” போலியோ சொட்டு மருந்து என்று சொன்ன பிறகும் ஒரு பெரியவர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

ஆனால் அந்தப் பெட்டிதான் எனக்குக் கதவையும் திறந்துவிட்டது. மருந்துப் புட்டியின் மேல் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு சின்னச் சதுரமும் அச்சிட்டிருக்கும். சூடு பட்டால் சதுரம் கருக்க ஆரம்பிக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்த மருந்து குப்பைக்கு. இதை டாக்டர்களுக்கு விளக்கப் படம் போட்டு வகுப்பு எடுக்கிறார்கள். நாற்பது வருஷம் மீன் விற்ற ஒரு ஆயாவிடம் காட்டினேன். ஒரு பார்வைதான். “செவுளப் பாத்து வாங்கற மாரி. அவ்ளோதானே?” அன்றிலிருந்து புதன்கிழமைதோறும் அவள் வரிசையின் முன்னால் நின்று, புட்டியை வாங்கி வெளிச்சத்தில் பார்த்து, “நல்ல சரக்கு, போட்டுக்கோ” என்று மற்றவர்களுக்கு உத்தரவு கொடுக்கிறாள். உலக சுகாதார நிறுவனத்தின் முத்திரைக்கு எங்கள் தெருவில் இவ்வளவு மதிப்பு கிடையாது.

எடை விஷயத்தில் மட்டும் அவளோடு எனக்கு நீண்ட வழக்கு இருந்தது. பிள்ளையைத் தராசில் தொங்கவிட்டால் கண் பட்டுவிடும். சரி, தொங்கவிடாமல் எப்படி எடை பார்ப்பது? வாங்கிக் கையில் ஏந்தினாள். “ரெண்டு முந்நூறு.” தராசும் ரெண்டு முந்நூறு என்றது. எனக்குக் கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது. பக்கத்து வீட்டுக் கொழுகொழுப் பையனுக்கு நான் “நாலு கிலோ இருநூறு” என்று அறிவித்தபோது தெருவே திரும்பிப் பார்த்தது. ஆயா என் வாயைப் பொத்தினாள். கடைசியில் சமரசம் ஏற்பட்டது: சத்தமாகச் சொல்வது மூணு கிலோ, ரெஜிஸ்டரில் எழுதுவது நாலு இருநூறு. ஊருக்கு ஒரு கணக்கு, சர்க்காருக்கு ஒரு கணக்கு. இதைத் தொழிலதிபர்கள் செய்தால் சோதனைக்கு வருகிறார்கள்.

அந்த ரெண்டு முந்நூறு பிள்ளை இரண்டரை கிலோவுக்குக் கீழே. அதாவது எடை குறைந்த குழந்தை. வெற்று மார்போடு அணைத்து வைத்துக்கொள்ளும் கங்காரு முறையைத் தாய்க்குச் சொல்லிக்கொடுத்தேன். தாய் மட்டும்தான் செய்யவேண்டும் என்றில்லை, வீட்டில் வேறு யாரும் செய்யலாம் என்றதும் ஆயா பிள்ளையை வாங்கிப் புடவைக்குள் போட்டுக்கொண்டாள். “இதுக்கு ஒரு பேரு வெச்சுக் கீறீங்களா?” என்றாள். அடுத்த முறை நான் போனபோது பிள்ளை அதே இடத்தில் இருந்தான், எடை கூடியிருந்தது. எவ்வளவு என்று சத்தமாகச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

எனக்குப் போட்டி யார் என்று கேட்டால் தனியார் ஆஸ்பத்திரி என்பீர்கள். இல்லை. கழுதை. வடசென்னைத் தெருக்களில் கழுதையையே ஓட்டிக்கொண்டு வந்து, வாசலில் கறந்து, பச்சைப் பிள்ளைக்குச் சங்கில் ஊற்றும் ஆள் உண்டு. ஆறு மாதம் தாய்ப்பால் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம் என்று தொண்டை கிழியக் கத்துவேன். அவர் எனக்கு முன்னாலேயே அந்த வீட்டுக்கு வந்து போயிருப்பார். ரெஜிஸ்டர் இல்லை, ஆன்லைன் பதிவு இல்லை, மாதாந்திரக் கூட்டம் இல்லை, வீடு தேடி வரும் சேவை. அதற்கும் மேல் பணம் வாங்குகிறார். அதுதான் அவருடைய பலம். நான் இலவசம். “சும்மாக் குடுக்கறதுல இன்னா இருக்கப் போவுது?” என்று ஆயாக்கள் கேட்டபோது நான் தேசபக்தியெல்லாம் பேசிப் பார்த்தேன், காசநோய்க்குப் போடும் பி.சி.ஜி. நம் கிண்டியில் 1948-லேயே தயாராக ஆரம்பித்தது என்றேன். யாரும் அசையவில்லை. 2021-ல் நிமோனியா தடுப்பூசி அரசு அட்டவணையில் சேர்ந்தபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. “இது வெளியே போட்டா ஒரு ஊசி ஆயிரக்கணக்குல ஆவும் ஆயா” என்று மெதுவாகக் காதில் போட்டேன். அந்தப் புதன்கிழமை உட்கார நாற்காலி போதவில்லை.

இந்தத் தந்திரத்தை நான் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட முடியாது. அம்மை குத்துவது 1802-லேயே சென்னைக்கு வந்துவிட்டது. அப்போதும் ஜனங்கள் கையை நீட்டவில்லை. சென்னைக் கலெக்டராக இருந்த, திருக்குறளில் ஊறிய எல்லிஸ் துரை, அம்மை குத்துவதைப் புகழ்ந்து சமஸ்கிருதத்தில் தாமே ஒரு பாட்டு எழுதி, அது பழங்காலத்து ஏடு என்று தோன்றும்படி செய்தார் என்று சொல்வார்கள். துரை பண்டிதர்களை மடக்கப் பார்த்திருக்கிறார். பாட்டு எழுதியதற்குப் பதில் இரண்டு ஆயாக்களைப் பிடித்திருந்தால் வேலை சீக்கிரம் முடிந்திருக்கும்.

ஆயாக்களுக்கு ஆஸ்பத்திரி புதிதல்ல. ஸ்டான்லி ஆஸ்பத்திரியை இன்னும் கஞ்சித்தொட்டி என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பஞ்ச காலத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம் அது. “ஆரெஸ்ஸாரெம்ல நாலு பெத்தவடி நானு” என்று ஒரு ஆயா ஆரம்பித்தால் விவாதம் முடிந்தது என்று அர்த்தம். ராயபுரத்தில் 1880-ல் தொடங்கிய அந்தப் பிரசவ ஆஸ்பத்திரியில் பெற்றவளிடம் பிரசவத்தைப் பற்றி டிப்ளமா படித்தவள் வாய் திறக்கலாமா?

எண்ணூர்ப் பக்கம் மாற்றலாகிப் போனது தனிக் கதை. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் நிற்கும் அழகைப் பார்த்தால், அதற்குப் பெயர் வைத்தவர் மிகுந்த நம்பிக்கைக்காரர் என்று தெரியும். லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டியை நுழைத்து நுழைத்துக் குப்பத்துக்குப் போய்ச் சேர்ந்தால், பாதிப் பிள்ளைகளுக்கு இழுப்பு. இருமல், மூச்சிரைப்புக்கு ஒரு படிவம் உண்டு. அதில் ஒரு கேள்வி: வீட்டில் புகைபிடிப்பவர் யாராவது உண்டா? ஆயா சன்னலுக்கு வெளியே கையை நீட்டினாள். கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் ஓர் உயரமான புகைபோக்கி. “தோ, அவருதான். ராவும் பகலும் நிறுத்தறதே கெடையாது. நீ சொல்லி நிறுத்திக் குடேன்.” படிவத்தில் ‘ஆம்’ என்று டிக் அடித்தேன். ‘உறவுமுறை’ என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் ‘அண்டை வீட்டார்’ என்று எழுதினேன். இதுவரை மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு யாரும் எழுதவில்லை. படிவத்தை யார் படிக்கிறார்கள்?

இப்போது நிலைமை மாறிக்கொண்டிருக்கிறது. மேலதிகாரிக்கும் மேலே ஒருவன் வந்திருக்கிறான்: மருமகள் கையில் இருக்கும் செல்லில். போன மாதம் திருவொற்றியூரில் ஒரு வீடு. ஒன்றரை மாதக் குழந்தை. பென்டா, நிமோனியா, போலியோ என ஊசிகளும் சொட்டு மருந்துகளும் ஒரே நாளில் போட வேண்டிய நேரம். “வேணாம் சிஸ்டர், இயற்கையாவே எதிர்ப்பு சக்தி வரும்னு ஒருத்தர் வீடியோல சொல்றாரு” என்றாள் மருமகள். இதே வீட்டில் மூத்த பிள்ளைக்கு ஊசி போட வந்தபோது, “மனுஷியாடி நீ, பச்சப் புள்ளைய இத்தினி வாட்டி குத்தறே” என்று என்னைத் தெருமுனை வரை துரத்திய அதே ஆயா, வெற்றிலையைத் துப்பிவிட்டு நிமிர்ந்தாள்.

“எவன் அவன்? எந்த ஏரியா?”

“அமெரிக்கான்னு நெனைக்கிறேன் ஆயா” என்றேன்.

“புதன்கெயமை பத்து மணிக்கு நானே தூக்கியாறேன், நீ போ. இப்படிப் பேசினு கீறானே, அவனுக்கு அங்க ஆயா கீயா யாரும் இல்லியா?”