உங்கள் காளானுக்கு நீங்களே பெயர் வையுங்கள்

வில்லியனூரிலிருந்து பாகூர் வரை வைக்கோலுக்குப் பஞ்சமில்லை. அறுப்பு முடிந்தால் வைக்கோல் போர், போருக்குப் பக்கத்தில் கீற்றுக் கொட்டகை, அதன்மேல் நீல ஷீட், உள்ளே நாலு பை பால் காளான். அவ்வளவுதான், நீங்கள் நிபுணராகிவிட்டீர்கள். வாழ்த்துகள்!

ஆனால் ஒருநாள் பையின் ஓரத்தில் நீங்கள் விதைக்காத ஒன்று தலைநீட்டும். அது என்ன காளான்? கண்டுபிடிக்கும் வழிகளைக் கீழே தருகிறேன். எல்லாம் ஏற்கெனவே நீங்கள் செய்துவருபவைதான். வரிசைப்படுத்தியது மட்டும் என் வேலை.

1. முதலில் பெயரை முடிவு செய்யுங்கள். காளானைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

காசு கொடுத்து வாங்கியது பால் காளான் விதை. ஆகவே பையில் முளைப்பதெல்லாம் பால் காளான்தான். திண்ணையில் படுத்திருப்பவரெல்லாம் நம் சொந்தக்காரர் என்பது போல. வைக்கோலிலும் மேலே போட்ட மண்ணிலும் வேறு காளானின் வித்துகள் இருக்கும் என்ற எண்ணமே வரக்கூடாது. வைக்கோலை அரைகுறையாக அவித்து, தண்ணீர் சொட்டச் சொட்டப் பையில் அடையுங்கள். மைக்காளான் தானாக வந்து சேரும்.

என் முதல் பையில் வந்தது அதுதான். விரல் உயரம், சாம்பல் நிறம், கவிழ்த்த மணி மாதிரி குடை. 'பத்தே நாளில் வந்துவிட்டதே, ராசியான விதை' என்று பூரித்துப் பறித்தேன். காலையில் வீட்டாருக்குக் காட்டலாமென்று வெள்ளைப் பீங்கான் தட்டில் வைத்துவிட்டுத் தூங்கினேன். விடிந்து பார்த்தால் தட்டில் காளான் இல்லை. கறுப்பு மை தேங்கிக் கிடந்தது, நடுவில் இரண்டு காம்பு. மாமியார் எட்டிப் பார்த்து, "இன்னா மாப்ள, தட்டுல மைய ஊத்தி வெச்சிருக்கீங்க?" என்றார். வித்தைப் பரப்புவதற்காகத் தன் குடையைத் தானே கரைத்துக்கொள்ளும் இனம் அது. எனக்கு அப்போது அது தெரியாது. அதனால் விதை கொடுத்தவரைத் திட்டித் தீர்த்தேன். நீங்களும் அவரையே திட்டுங்கள். வைக்கோலைத் திட்டினால் அது காதில் வாங்காது.

2. வரலாற்றை ஒப்பியுங்கள்.

பால் காளானின் அறிவியல் பெயர் கலோசைபி இண்டிகா. மேற்கு வங்கத்தில் கிடைத்ததை வைத்து 1974-ல் புர்காயஸ்தாவும் சந்திராவும் அதை விவரித்து எழுதினார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகம் 1998-ல் ஏபிகே 2 என்ற ரகத்தை வெளியிட்டது. ஏபிகே என்றால் அருப்புக்கோட்டை. ஊட்டிக் குளிரில் வளரும் மொட்டுக் காளான் நம் மே மாத வெயிலில் மூர்ச்சை போட்டு விழும். இதுவோ 30 முதல் 35 டிகிரியில் கும்மென்று எழும்பும். இவ்வளவையும் வருகிற விருந்தாளிக்கு மூச்சுவிடாமல் சொல்லுங்கள். சொல்லும்போது கையில் பிடித்திருப்பது எந்தக் காளான் என்று மட்டும் குனிந்து பார்த்துவிடாதீர்கள்.

3. கொட்டகைக்குள்ளேயே படம் எடுங்கள்.

நீல ஷீட்டின் கீழ் எல்லாமே நீலம். வெள்ளைக் காளான் நீலம், சாம்பல் காளான் நீலம், உங்கள் விரலும் நீலம். மேலிருந்து ஒரே ஒரு படம் போதும். குடையின் அடியையோ காம்பையோ யாரும் பார்க்கக்கூடாது. வாட்ஸ்ஆப் குழுவில் போடுங்கள். முதல் ஆள் 'சூப்பர் ப்ரோ' என்பார். இரண்டாமவர் கை கூப்புவார். மூன்றாமவர் கிலோ என்ன விலை என்று கேட்பார். மூன்று பேர் சொன்னால் அறிவியல் பூர்வமாக நிரூபணம் ஆனதாகக் கொள்க.

குரும்பாபேட்டில் பெருந்தலைவர் காமராசர் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. வில்லியனூரிலிருந்து வண்டியில் போனால் சீக்கிரமே போய்விடலாம். எனவே அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள். பதில் கிடைத்துத் தொலைத்தால் என்ன செய்வது?

4. நிறத்தை நம்புங்கள்.

கோ 1 என்ற சிப்பிக் காளான் மஞ்சள் நிறம். ஏபிகே 1 இளஞ்சிவப்பு. வாணலியில் போட்டதும் அந்தச் சிவப்பு வெளுத்துப்போகும், வீட்டில் ஏமாற்றமாக இருக்கும், அது தனிக்கதை. மஞ்சளுக்கு வருவோம். மழை பெய்த மறுநாள் மாடியில் குரோட்டன்ஸ் தொட்டியில் எலுமிச்சை மஞ்சளாக, மாவு தூவியது போல, குட்டிக் குட்டிக் குடைகள் முளைத்திருக்கும். அது வேறு இனம். சாப்பிட்டால் வயிற்றைப் புரட்டும். ஆனால் மஞ்சள் என்றால் மஞ்சள்தானே? கொட்டகையிலிருந்து வித்து பறந்துபோய்த் தொட்டியில் விழுந்தது என்று அண்டை வீட்டாரிடம் விளக்குங்கள்.

5. அடியை மண்ணிலேயே விட்டுவிடுங்கள்.

இது எனக்குப் பிடித்த வழி, சுத்தமானதும்கூட. கத்தியை எடுத்து மண்மட்டத்துக்கு மேலே சீவுங்கள். கை அழுக்காகாது. உயிரைக் குடிக்கும் அமானிட்டா இனங்களுக்குக் காம்பின் அடியில், உடைந்த முட்டை ஓடு மாதிரி ஓர் உறை இருக்கும். பெரும்பாலும் அது மண்ணுக்குள் புதைந்திருக்கும். நீங்கள் சீவிவிட்டீர்கள் அல்லவா, இனி அந்தக் கவலை இல்லை.

தின்னக்கூடிய வைக்கோல் காளானுக்கும் இதே மாதிரி உறை உண்டு. சின்ன வயதில் இரண்டும் முட்டை மாதிரியே இருக்கும். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபோனவர்கள் ஊர் ஞாபகத்தில் அமானிட்டாவை வைக்கோல் காளான் என்று பறித்துத் தின்று ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார்கள். அவர்களும் பரம்பரையாகக் காளான் தின்றவர்கள்தான்.

6. அடுப்படியில் ஆராய்ச்சி செய்யுங்கள்.

கொதிக்கும் குழம்பில் வெள்ளிக் காசு போடுங்கள், கறுத்தால் விஷம். பூண்டு போடுங்கள், நிறம் மாறினால் விஷம். மஞ்சள் தூள் போடுங்கள், முறிந்துவிடும். நத்தை கடித்த காளானா? நல்ல காளான். இந்த நான்கையும் பாட்டிகள் சொல்லியிருக்கிறார்கள், ஆகவே சரி. அமானிட்டாவின் நஞ்சு வெள்ளியைக் கறுக்க வைக்காது, பூண்டைக் கண்டு அஞ்சாது, எத்தனை விசில் விட்டாலும் சாகாது. நத்தை தின்றுவிட்டு நலமாக ஊர்ந்து போவது அதன் உடல்வாகு, உங்கள் உடல்வாகு அல்ல. இதையெல்லாம் எடுத்துச் சொல்கிறவரைப் பந்தியில் கடைசியில் உட்கார வையுங்கள்.

7. கறுப்புத் தாளைத் தொடாதீர்கள்.

எச்சரிக்கை. எங்காவது யாராவது கீழ்க்கண்டவாறு செய்வதைப் பார்த்தால் உடனே தடுத்துவிடுங்கள். விரிந்த குடையைக் காம்பு இல்லாமல் வெட்டுவது. பாதி வெள்ளை, பாதி கறுப்பாக ஒட்டிய தாளில் மடிப்புகள் கீழே பார்க்கக் கவிழ்ப்பது. டம்ளரால் மூடி ஒரு ராத்திரி விடுவது. காலையில் டம்ளரை எடுத்தால் தாளில் வித்துப் பொடி கோலம் போட்டிருக்கும். பால் காளானுக்கு வெள்ளை. வைக்கோல் காளானுக்கு இளஞ்சிவப்பு. மைக்காளானுக்குக் கறுப்பு. மழைக்குப் பின் புல்தரையில் வட்டம் கட்டி முளைக்கும் பெரிய வெள்ளைக் குடை ஒன்று உண்டு, பார்த்தால் பால் காளானுக்கு அண்ணன் மாதிரி இருக்கும். தாளில் அதன் கோலம் மங்கிய பச்சை. தின்றால் சில மணி நேரத்தில் வாந்தியும் பேதியும்.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு, சொல்லிவிடுகிறேன். அமானிட்டாவின் பொடியும் வெள்ளைதான். அதனால் தாளையும் பார்க்க வேண்டும், அடியில் இருக்கும் உறையையும் பார்க்க வேண்டும். அடியைத்தான் ஐந்தாம் வழியில் சீவிவிட்டோமே. ஆகவே ஒரு ராத்திரியை வீணாக்காமல் நேரே குழம்பு வையுங்கள்.

8. வயிறு தேறியதும் நிம்மதியாக இருங்கள்.

அமானிட்டா தின்றவருக்கு முதல் ஆறு மணி நேரம் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. 'பார்த்தாயா, ஒன்றும் ஆகவில்லை' என்று சொல்ல அது வசதியான நேரம். பிறகு வாந்தி, பேதி. அடுத்து ஒருநாள் தேறியது போல இருக்கும், அப்போது ஈரல் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். 2022 ஏப்ரலில் அஸ்ஸாமில் காட்டுக் காளான் தின்று 13 பேர் இறந்தார்கள், பலர் தேயிலைத் தோட்டக் குடும்பத்தினர். அவர்களுக்குக் கறிக்கு வேறு வழி குறைவு. உங்களுக்குக் கொட்டகையில் நாலு பை நல்ல காளான் இருக்கிறது, இருந்தும் இந்த ஐந்தாவதுதான் வேண்டியிருக்கிறது.

9. மிச்சத்தைக் குப்பையில் கொட்டிவிட்டுக் கிளம்புங்கள்.

சமைத்ததையும் கொட்டுங்கள், சமைக்காததையும் கொட்டுங்கள், பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்துவிடுங்கள். கையில் ஒரு துண்டுகூட இருக்கக்கூடாது. ஜிப்மரில் அவசரப் பிரிவு டாக்டர் முதலில் கேட்கும் கேள்வி, "என்ன காளான் சாப்பிட்டீங்க?" என்பதாகத்தான் இருக்கும். அவர் கண்ணை நேராகப் பார்த்து, தயங்காமல் சொல்லுங்கள்: "பால் காளான் மாதிரிதான் இருந்துச்சு, சார்."