பொட்டல இலக்கியத்தில் உடுக்குறி: மூலமும் உரையும்

இத்துறையில் இதுவரை ஆய்வு எதுவும் நிகழவில்லை. இப்படித் தொடங்குவது நம் ஆய்வேடுகளின் மரபு. தேடிப் பார்க்காமல் தொடங்குவதும் அம்மரபைச் சேர்ந்ததே. மளிகைப் பொட்டலங்களின் மேல் அச்சாகி, நாள்தோறும் எல்லார் கையிலும் புழங்கி, எவராலும் முழுதாக வாசிக்கப்படாத இப்பேரிலக்கியத்தை முதன்முதலில் ஆராயும் பெருமை இக்கட்டுரைக்கே உரியது என்பதைத் தன்னடக்கத்துடன் பதிவு செய்கிறோம். ஆய்வுக்களம், தெருமுனைக் கடை. தகவலாளி, கடை அண்ணாச்சி. கருவிகள், மூக்குக்கண்ணாடியும் செல்போன் டார்ச்சும்.

பொட்டலப் பிரதிக்கு இரண்டு பகுதிகள். முன்பக்கம் மூலம், பின்பக்கம் உரை. மூலம் கொட்டை எழுத்தில், பல வண்ணத்தில், ஏறக்குறையச் செய்யுளாக இருக்கும். உரை எறும்பு ஊர்ந்தாற்போல் இருக்கும். மூலத்தை விளக்குவதே உரையின் கடன் என்பது பொதுவிதி. பொட்டல உரையோ மூலத்தை மறுக்கும். இதைப் புதுமை என்று எண்ணிவிட வேண்டாம். மூலம் சொன்னதைச் சொல்லவில்லை என்றும் சொல்லாததைச் சொன்னது என்றும் நிறுவியவர்களுக்கு நாம் முனைவர் பட்டம் தந்து பொன்னாடையும் போர்த்தியிருக்கிறோம்.

இனி வகைமை. முதலாவது இன்மை வகை: இதில் அது இல்லை என்பது. கடலை எண்ணெய்ப் பாக்கெட்டில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று போட்டிருக்கும். கொலஸ்ட்ரால் பால், முட்டை, இறைச்சி வழியாக வருவது. கடலைச் செடியில் அதை எதிர்பார்த்தவர் எவரும் இலர். இம்முறையைப் பின்பற்றி உப்புப் பாக்கெட்டில் 'முள் இல்லாதது' என்றும் போடலாம். இல்லை என்பதற்கு அளவும் உண்டு. 2018-ஆம் ஆண்டின் உணவு விளம்பர ஒழுங்குமுறைப்படி 100 கிராம் பண்டத்தில் சர்க்கரை அரை கிராமுக்கு மேல் போகாவிட்டால் சர்க்கரை இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். டிரான்ஸ் கொழுப்பு 0.2 கிராமுக்குக் கீழே இருந்தால் அதுவும் இல்லாததே. சூனியத்தை உலகுக்குத் தந்தோம் என்று மேடைதோறும் முழங்கும் நாடு, சூனியத்துக்கு இந்தச் சிறு சலுகையைக் கொடுப்பதில் பிழையில்லை.

இரண்டாவது, பாட்டி கைமணம். பாட்டி யாருடையவர் என்பது தெரியவில்லை.

மூன்றாவது, 'புதிய, மேம்பட்ட' வகை. பழையதை விற்றபோதும் அது சிறந்தது என்றே சொன்னார்கள்.

நான்காம் வகைக்குக் கிடைத்த ஒரே மாதிரியை ஆய்வாளர் வீட்டுப் பிள்ளைகள் தின்றுவிட்டனர்.

ஐந்தாவது, 99.9 விழுக்காடு கிருமிகளைக் கொல்வது. பத்து லட்சம் கிருமிகளில் ஆயிரம் பிழைக்கும் என்பது கணக்கு. பிழைத்தவை மீண்டும் பெருகுமா, அதற்கு எத்தனை நேரம் பிடிக்கும் என்பது பற்றி உரை மௌனம் சாதிக்கிறது.

ஆறாவது, பதிப்பு மாறிய பிரதிகள். பழச்சாற்றைக் கெட்டியாக வற்றவைத்து, பிறகு தண்ணீர் விட்டுக் கரைத்து அடைத்துவிட்டு, அதை '100% பழச்சாறு' என்று விற்று வந்தார்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஜூனில் அந்தத் தொடரை நீக்கச் சொன்னது. ஆக, மூலபாடத்தின் பழைய வடிவம் இனிக் கிடைப்பது அரிது. உ.வே.சா. ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தார். இத்துறையில் இறங்குவோர் குப்பைத்தொட்டி தேடி அலைந்தால் போதும்.

இனி நம் ஆய்வின் உயிர்நிலையான உடுக்குறி, அதாவது மூலத்தின் ஓரத்தில் நின்று உரைக்கு வழிகாட்டும் நட்சத்திரக் குறி (*). வானத்து நட்சத்திரத்தைப் பெரியவர்கள் காட்டினால்தான் குழந்தைக்குத் தெரியும். பொட்டல நட்சத்திரத்தைக் குழந்தை காட்டினால்தான் பெரியவர்களுக்குத் தெரிகிறது.

ஒரு கோதுமை பிஸ்கட்டை எடுத்துக்கொள்வோம். மூலத்தில் வயல், வயலில் மஞ்சள் வெயில், காற்றில் சாய்ந்த கதிர்கள். உறையே தவிட்டு நிறம். திருப்பினால் சேர்மானப் பட்டியல். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைந்ததை நோக்கி வரிசைப்படுத்த வேண்டும் என்பது சட்டம். வரிசையில் முதலில் நிற்பது மைதா. பிறகு சர்க்கரை. பிறகு பாமாயில். அதற்கப்பால்தான் முழுக்கோதுமை மாவு, தன் சொற்ப விழுக்காட்டை அடைப்புக்குறிக்குள் ஏந்தி நிற்கிறது. மைதாவும் கோதுமையில் எடுத்ததுதானே என்று மூலத்தைக் காக்க முயல்வாரும் உளர் (அண்ணாச்சி, வாய்மொழி).

வயலின் ஓரத்தில், கதிரோடு கதிராக, ஓர் உடுக்குறி. அதன் இணை எங்கே? உறையை நீளவாக்கில் ஒட்டியிருக்கும் மடிப்புக்கு அடியில். மடிப்பை நகத்தால் நெம்பி, டார்ச் அடித்துப் பார்த்ததில், படம் விளக்கத்துக்கு மட்டுமே என்ற வாசகத்தில் பாதி கிடைத்தது. மறுபாதியைப் பசை கொண்டுபோய்விட்டது. இவ்விடத் தேர்வு தற்செயல் என்பர் ஒரு சாரார் (அண்ணாச்சி, மேலது, சில்லறை எண்ணும்போது கூறியது). திட்டமிட்டது என்பர் மற்றொரு சாரார் (கடைப்பையன், வெங்காய மூட்டைக்குப் பின்னிருந்து, அண்ணாச்சி முறைத்தபின் இக்கருத்து திரும்பப் பெறப்பட்டது).

உடுக்குறி வரலாற்றின் சிகரம் மேலே சொன்ன 2018 ஒழுங்குமுறைதான். ஒரு பண்டத்தின் வணிகப் பெயரிலேயே இயற்கை, தூய, அசல், பாரம்பரிய என்பது போன்ற அடைமொழி இருந்து, அது வாங்குபவரை ஏமாற்றக்கூடும் என்றால், அந்தப் பெயரைக் கைவிட வேண்டியதில்லை. இது வெறும் வணிகப் பெயர், பொருளின் உண்மைத் தன்மையைக் குறிப்பதன்று என்று 3 மில்லிமீட்டருக்குக் குறையாத எழுத்தில் ஒரு வரி போட்டால் போதும். நாமம் வேறு, உண்மை வேறு என்பதை விளக்க வேதாந்திகள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அரசிதழ் அதை ஒரே வரியில் முடித்து, எழுத்தின் உயரத்தையும் சொல்லிவிட்டது. ஜூஸ் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு இந்த வரியை வாசிப்பவருக்கு எழும் வைராக்கியம், கல்லாவில் காசு கொடுக்கும்வரை நீடிக்கிறது.

இங்கே ஒரு சிக்கல். 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், ஏமாற்று விளம்பரங்களுக்கு எதிராக நெறிமுறைகள் வெளியிட்டது. அதன்படி, விளம்பரத்தில் வரும் மறுப்புக் குறிப்பு, சொன்ன கூற்றை விளக்கலாம். முரணாகப் பேசக் கூடாது. கூற்று எந்த மொழியில், எந்த எழுத்துருவில் இருக்கிறதோ அதே மொழியில், அதே எழுத்துருவில் குறிப்பும் இருக்க வேண்டும். ஒரு விதி மறுத்து எழுது என்கிறது. மற்றொன்று மறுக்காதே என்கிறது. எளிய வாசகர் இதை முரண் என்பார். ஆய்வாளர் அப்படி விட்டுவிட முடியாது. பெயர் வேறு, கூற்று வேறு. 'இயற்கை' என்று பெயர் வைத்தால் இயற்கையானது என்று சொன்னதாக ஆகாது. எனவே இது வழு அன்று, வழுவமைதி. (இதே வாதத்தை ஒரு பல்கலைக்கழகத் துறைத்தலைவர் தம் நூலில் இருந்த முரணுக்குச் சொன்னபோது அரங்கம் கைதட்டியது.)

விதியைக் களத்தில் சோதிக்க முற்பட்டோம். கடை வாசலில் தொங்கும் விளம்பரத் தட்டியில் ஒரு சத்துமாவைப் பற்றித் தமிழில், தலை பருமன் எழுத்தில், 'இரு மடங்கு வளர்ச்சி' என்றிருந்தது, மேலே உடுக்குறி. தட்டியின் அடிவிளிம்பில், ஆணி அடித்த இடத்துக்குக் கீழே, இணைக்குறிப்பு ஆங்கிலத்தில் இருந்தது. எதைவிட இரு மடங்கு என்பதன் மேல் ஆணி இருந்தது. ஆணியைக் கழற்ற அனுமதி கோரியபோது கிடைத்த உரை வருமாறு:

"சார், அதைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள டப்பா எக்ஸ்பயரி ஆயிரும். பெருசு எடுக்கவா, சின்னதா?" (அண்ணாச்சி, மேலது, மூன்றாம் திருத்திய பதிப்பு, மாலை நேரக் கூட்டத்தில், தராசில் துவரம்பருப்பு இருக்கையில் அருளியது, 'சார்' என்பது இடைச்செருகல் என்பார் வரிசையில் பின்னால் நின்ற அக்கா, 'பெருசுக்குக் கரண்டி இலவசம்' எனக் கடைப்பையன் சேர்த்த பிற்சேர்க்கையுடன், கரண்டி தீர்ந்துவிட்டது என்ற அண்ணாச்சி மனைவியின் மறுப்புரையும் கொண்டது.)