அங்கன்வாடிக்குச் சங்கம் எதற்கு?

கேள்வி: சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தரும் டீச்சர்களுக்கெல்லாம் சங்கம் எதற்கு? – வாசகர் ஒருவர், மைசூரு

பதில்: மூன்று வயசுப் பிள்ளைகள் இருபது பேரை ஒரு காலைப்பொழுது உட்கார வைத்துப் பாருங்கள். மதியத்துக்குள் நீங்களே உறுப்பினர் படிவம் கேட்பீர்கள்!

இந்தக் கேள்வி மைசூரிலிருந்து வந்ததுதான் வேடிக்கை. 1975 அக்டோபர் 2-இல் நாடு முழுக்க 33 வட்டாரங்களில் அங்கன்வாடிகளை நடத்தும் ஐ.சி.டி.எஸ். திட்டம் தொடங்கியபோது, கர்நாடகத்தில் முதலில் வந்தது உங்கள் மாவட்டத்து டி.நரசீபுராவில்தான். அங்கன்வாடி டீச்சரைப் போய்ப் பாருங்கள். எடை மெஷினில் ஏற மாட்டேன் என்று அலறும் குழந்தை, வாசலில் சத்துமாவுக்கு நிற்கும் கர்ப்பிணி, கையில் முட்டைக் கணக்கு, போனில் சுற்றிக்கொண்டே இருக்கும் போஷன் டிராக்கர் ஆப். நடுவில் பாட்டு வேறு. இத்தனைக்கும் அரசுக் கணக்கில் அவர் ஊழியரே இல்லை, கௌரவப் பணியாளர்!

அதனால்தான் 1989-இல் இவர்களுக்கான அகில இந்திய சம்மேளனம் பிறந்தது. இவர்களுக்கும் கிராஜுவிட்டி உண்டு என்று 2022 ஏப்ரலில் ஒரு குஜராத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தீர்ப்பு என்ன, தானாக ரயிலேறி பெங்களூரு வருமா? 2023 ஜனவரிக் குளிரில் ஃப்ரீடம் பார்க்கில் உட்கார்ந்து கேட்கவேண்டியிருந்தது. மறுவருஷம், அரசுப் பள்ளியிலேயே எல்.கே.ஜி. என்றதும் மறுபடி கிளம்பினார்கள். பிள்ளைகள் அங்கே போய்விட்டால் இங்கே யாருக்குப் பாடுவது?

சங்கம் போகட்டும். 'இன்னிக்கு ஆப் திறக்குதா அக்கா?' என்று பக்கத்து சென்டரைக் கேட்கவாவது ஓர் ஆள் வேண்டாமா சார்?